மழையில் நனைந்து நின்ற காரின் ஹேண்ட்பிரேக் ஏன் ஒட்டிக்கொள்கிறது? ஒட்டினால் என்ன செய்வது?

பொந்தியான் கெச்சிலில் ஒரு தாமான் வீடு. விடியற்காலை நாலரை மணி. சிங்கப்பூரில் வேலை. துவாஸ் இரண்டாவது பாலத்தில் நெரிசல் கட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். கார் பத்து நாளாக வெளியே எடுக்கப்படவில்லை. அதில் ஆறேழு நாள் நல்ல மழை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் உடனே பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இறக்கியாயிற்று. கியரைப் போட்டு மெல்ல எண்ணெய் கொடுத்தால் காரின் பின்பக்கம் கொஞ்சம் அழுந்துகிறது, அவ்வளவுதான். வண்டி நகர மாட்டேங்குது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பது. சில நேரம் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்து கார் விடுபட்டுவிடும். சில நேரம் விடுபட்டது போலத் தெரியும், ஆனால் விடுபட்டிருக்காது. அந்த இரண்டாவது நிலையில்தான் ஆபத்து இருக்கிறது.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதே, அப்புறம் என்ன? என்று கேட்கலாம். சாதாரண ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் அந்த விளக்கு காட்டுவது உங்கள் கைக்கு அருகில் இருக்கும் லீவர் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை மட்டுமே. பின்சக்கரத்துக்குள் பிரேக் விட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது?

நம் சாலைகளில் அதிகம் ஓடும் மைவி, சாகா போன்ற சிறிய கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். டிரம் என்பது வார்ப்பிரும்பில் செய்த, ஒரு சட்டியைக் கவிழ்த்தது போன்ற பாகம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதற்குள்ளே பிறை வடிவத்தில் இரண்டு பிரேக் ஷூக்கள் இருக்கும். அவற்றின் வெளிப்புறத்தில் லைனிங் என்ற உராய்வுப் பொருள் ஒட்டப்பட்டிருக்கும்.

நீங்கள் ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது ஓர் எஃகுக் கம்பி, அதாவது கேபிள், இழுபடுகிறது. அது ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகிறது. காலால் மிதிக்கும் பிரேக் போல இதற்கு எண்ணெய் அழுத்தம் கிடையாது. காரணம் உண்டு. எண்ணெய் கசிந்தாலும் நிறுத்திய வண்டி உருளக் கூடாது. பயணிகள் கார்களின் பிரேக்குக்கான ஐக்கிய நாடுகளின் 13-எச் விதிமுறை, பார்க்கிங் பிரேக் முழுக்க முழுக்க இயந்திர முறையில் பூட்டி நிற்க வேண்டும் என்கிறது. ஆட்களையும் சுமையையும் முழுசா ஏற்றிய காரை 20 விழுக்காடு சரிவில், ஏற்றமானாலும் இறக்கமானாலும், அது பிடித்து நிறுத்த வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கேபிளால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ஹேண்ட்பிரேக்கை இறக்கும்போது உங்கள் கை எதையும் விடுவிப்பதில்லை. இழுப்பதை நிறுத்துகிறது, அவ்வளவே. ஷூக்களை டிரம்மிலிருந்து பிரித்து உள்ளே கொண்டுவருவது சில ஸ்பிரிங்குகள். ஒட்டியிருக்கும் பிடி அந்த ஸ்பிரிங்குகளின் பலத்தைவிட அதிகமாக இருந்தால் ஷூ அங்கேயே நின்றுவிடும். லீவரை எத்தனை முறை இறக்கினாலும் ஸ்பிரிங்கின் பலம் கூடப்போவதில்லை.

எது ஒட்டவைக்கிறது? துரு. டிரம்மின் உட்புறத்துக்குப் பெயிண்ட் கிடையாது, அடிக்கவும் முடியாது. உராய வேண்டிய இடம் அது. வெறும் வார்ப்பிரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துருப்பிடிக்கத் தொடங்கும். லைனிங் வழவழப்பான பொருள் அல்ல. நார், பிசின், உலோகத் துகள் எல்லாம் கலந்து அழுத்திச் செய்தது. அதில் நுண்துளைகள் நிறைய உண்டு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த லைனிங்கை நனைந்த இரும்போடு அழுத்தி, நாள்கணக்கில் அப்படியே விட்டால், வளரும் துரு லைனிங்கின் துளைகளுக்குள் புகுந்து கெட்டியாகிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனஅளவு சில மடங்கு பெருகும். ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் இடத்தில் அது இன்னும் இறுகுகிறது.

பின்பக்கமும் டிஸ்க் பிரேக் உள்ள கார்களிலும் இது நடக்கும். ஆனால் டிஸ்க் திறந்த வெளியில் இருக்கிறது, காற்று பட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடும், பேட் தொடும் பரப்பும் சிறியது. டிரம் ஒரு மூடிய பெட்டி மாதிரி. உள்ளே போன ஈரம் லேசில் வெளியே வராது.

மழைக்கு மறுநாள் காலை டிஸ்க்கின் மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சில மணி நேரத்திலேயே வரக்கூடிய மேல்துரு அது. நாலு தடவை பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும்.

பொந்தியான் போன்ற இடத்தில் ஏன் கூடுதல் கவனம்?

ஜொகூரின் தென்மேற்குக் கரை. மலாக்கா நீரிணையைப் பார்த்த ஊர். பெனுட்டிலிருந்து குக்குப் வழியாக, ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் வரை கடலோரம் தாழ்வான சமதரை. ஏப்ரல், மே மாதங்கள் தொடங்கி அக்டோபர், நவம்பர் வரை, விடிவதற்கு முன்னால் சுமத்ரா பக்கத்திலிருந்து திடீர்க் காற்றோடு மழை வந்து அடித்துவிட்டுப் போவது இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பருவமழை மாறும் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமழை. ஆண்டின் கடைசியில் வடகிழக்குப் பருவமழை. கார் நன்றாகக் காய்வதற்கென்று ஒரு தனிப் பருவம் இங்கே கிடையாது.

மழையைவிடக் கடல் காற்றுக்குப் பங்கு அதிகம் என்று சொல்லலாம். காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் உலோகத்தின் மேல் படிகிறது. சமையல் உப்பு மழைக்காலத்தில் கசிந்து ஈரமாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கடலோரத்தில் இரவில் ஈரப்பதம் அந்த அளவை வெகு எளிதாகத் தாண்டும். ஆக, ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் உப்பு படிந்த இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் உருவாகிவிடுகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் துருப்பிடிக்கும் வேதிவினையும் வேகமெடுக்கும்.

கார் நிற்கும் தரையும் முக்கியம். சிமெண்ட் போர்ச்சில் நிற்கும் காருக்கும், கம்பத்து வீட்டில் புல்தரையில் நிற்கும் காருக்கும் வித்தியாசம் இருக்கிறது. புல்லும் மண்ணும் அடியிலிருந்து ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று, நனைந்த காருக்கு மேல் உறை போட்டு மூடுவது. பாதுகாப்புக்காகச் செய்கிறோம், ஆனால் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிறோம்.

லட்சக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் நின்றபோது

நின்ற காருக்கு என்னவெல்லாம் ஆகும் என்பதை மலேசியர்கள் மொத்தமாகப் பார்த்தது 2020இல். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அதாவது பிகேபி, நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து வீட்டுக்கு ஒருவர், அதுவும் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டும் என்று கட்டுப்பாடு இன்னும் இறுகியது. கடைக்குப் போய் வருவதற்கு மட்டும் கார் வெளியே வந்தது.

அந்தக் குறுகிய பயணங்கள் பிரேக்குக்கு நல்லது செய்யவில்லை. டிரம்முக்குள் உள்ள ஈரம் வற்ற வேண்டுமானால் பிரேக் ஓரளவு சூடாக வேண்டும். ரெண்டு கிலோமீட்டர் மழையில் போய், ரெண்டு கிலோமீட்டர் மழையில் திரும்பி, ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அடுத்த வாரம்வரை தொடாமல் இருந்தால், ஒட்டிக்கொள்வதற்கு அதைவிட வசதி வேண்டியதில்லை.

எல்லை தாண்டி வேலை பார்த்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட மலேசியர்கள் பலர். தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணம் பேருந்தில் தொடங்கியது 2021 நவம்பர் 29ஆம் தேதி. தரை எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. இடையில் இரண்டு ஆண்டுகள். ஜொகூரில் பல வீட்டு வாசல்களில் அவர்களுடைய கார்கள் அப்படியே நின்றன. இந்தியாவிலும் 2020 மார்ச் 25ஆம் தேதி முடக்கம் வந்தபோது சென்னைக் குடியிருப்புகளில் கார்கள் நின்றன. சென்னையும் கடற்கரை ஊர்தான்.

அப்போது எங்கும் பரவிய அறிவுரை: வாரம் ஒரு தடவை இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பேட்டரியை நினைத்துச் சொன்ன அறிவுரை அது. பிரேக்குக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இன்ஜின் ஓடினால் சக்கரம் சுழலாது. சக்கரம் சுழலாதவரை லைனிங் அதே இடத்தில், அதே துருவோடு உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டிலோ விடுதியிலோ இருந்துகொண்டு "அப்பா, காரை ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்று போனில் கேட்பவர்கள் "கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினீங்களா?" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒட்டியிருப்பது லைனிங்கா, கேபிளா?

வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான், கார் நகராது. உள்ளே இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

லைனிங் டிரம்மோடு ஒட்டியிருந்தால் லீவர் வழக்கம்போல இழுபடும், வழக்கம்போல இறங்கும். சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். விடுபடும்போது 'டொக்' என்று சத்தம் வரும், அதன்பின் பெரும்பாலும் எல்லாம் சரியாகிவிடும்.

கேபிள் கோளாறு வேறு மாதிரி. கேபிள் ஒரு உறைக்குள் ஓடுகிறது. வருடக்கணக்கில் காரின் அடிப்பக்கத்தில் தண்ணீரும் சேறும் பட்டு உறை விரிசல் விட்டால், உள்ளே ஈரம் புகுந்து கேபிள் துருப்பிடிக்கும். இழுத்தால் வரும், விட்டால் திரும்பிப் போகாது. லீவர் வழக்கத்துக்கு மாறாகக் கனமாக இருக்கும், அல்லது இறக்கிய பிறகு தொளதொளவென்று கிடக்கும். இது ஒரு தடவை விடுபட்டாலும் மறுபடி மறுபடி வரும். கேபிளை மாற்றுவதுதான் வழி.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டோ கியர் கார் வைத்திருப்பவர்களில் சிலர் ஹேண்ட்பிரேக்கைத் தொடுவதே இல்லை, 'பி' போட்டால் போதும் என்று இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு லைனிங் ஒட்டும் பிரச்சினை வராது. ஆனால் அசையாமலே கிடக்கும் கேபிளும் இறுகிப்போகும். என்றைக்காவது அவசரத்துக்கு ஒரு மேட்டில் நிறுத்தி இழுத்தால், இழுத்தது இழுத்தபடி நின்றுவிடலாம். ஹேண்ட்பிரேக்கை எப்போதும் இழுத்தே வைப்பதும் தப்பு, எப்போதும் தொடாமலே விடுவதும் தப்பு.

விடுவிப்பது எப்படி?

முதல் வேலை, பக்கத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை என்று பார்ப்பது. ஒட்டியிருப்பது எந்த நொடியில் விடும் என்று சொல்ல முடியாது. விட்டால் கார் சட்டென்று பாயும். போர்ச்சில் சுவரை ஒட்டி நிற்கும் கார் என்றால் முன்னும் பின்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று இறங்கிப் பாருங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கால் பிரேக்கை நன்றாக அழுத்தி அழுத்தி ஐந்தாறு தடவை விடுங்கள். கால் பிரேக்கும் அதே ஷூக்களைத்தான் தள்ளுகிறது. அந்த அசைவில் துருவின் பிடி விரிசல் விடலாம். ஹேண்ட்பிரேக் லீவரையும் ஒரு பல் கூடுதலாக இழுத்து இறக்கிப் பாருங்கள். பிறகு ரிவர்ஸ் கியர் போட்டு, கால் பிரேக்கை மெல்ல விட்டு, கார் தன் போக்கில் இழுக்கட்டும். நகராவிட்டால் கால் பிரேக்கை அழுத்தி, கியரை மாற்றி, முன்பக்கம். மறுபடி பின்பக்கம். தள்ளும் திசை மாறி மாறி வருவதுதான் வேலை செய்யும், பலம் அல்ல. எண்ணெய் கொடுப்பதென்றால் மிக லேசாக. மூன்று நான்கு தடவைக்கு மேல் முயல வேண்டாம்.

இதை யாராவது ஒருவர் வெளியே பக்கவாட்டில், பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்ப்பது நல்லது. எதற்கு? நம் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. ஈரமான சிமெண்ட் தரையிலோ புல்லிலோ பின்சக்கரம் ஒட்டியபடியே வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே இருப்பவருக்குக் கார் நகர்வது போலத்தான் இருக்கும். வெளியே நிற்பவருக்குத்தான் பின்சக்கரம் உருளுகிறதா, இழுபடுகிறதா என்று தெரியும்.

இதற்கும் மசியாவிட்டால் போமெனைக் கூப்பிடுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் ஓரத்தில் ரப்பர் சுத்தியலாலோ மரக்கட்டையை இடையில் வைத்தோ தட்டி அவர் விடுவிப்பார். பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் அலாய் ரிம்மில் அடித்தால் ரிம் விரிசல் விடும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ விடுவது உயிரோடு விளையாடுவது. பழைய கார்களின் லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம் என்பதால் டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதுவதும் கூடாது.

இணையத்தில் பார்த்துச் செய்யும் இரண்டு வேலைகளை விட்டுவிடுங்கள். ஒன்று, வெந்நீர் ஊற்றுவது. பனி விழும் நாடுகளில் லைனிங் டிரம்மோடு உறைந்து ஒட்டும். அங்கே ஒட்டவைப்பது ஐஸ், சூடு பட்டால் கரையும். நமக்கு ஒட்டவைப்பது துரு. வெந்நீர் இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்ப்பதோடு சரி. இரண்டு, துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை டிரம்முக்குள் அடிப்பது. லைனிங் அந்த எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு பிரேக் பிடிக்காது. ஒட்டின பிரேக்குக்கு வைத்தியம் பார்க்கப் போய்ப் பிரேக்கே இல்லாமல் போகும்.

பாதி ஒட்டிய பிரேக்கோடு ஓட்டினால்?

ஒரு சக்கரத்தில் பிரேக் விட்டு மறு சக்கரத்தில் பாதி பிடித்தபடி இருந்தாலும் கார் ஓடும். கொஞ்சம் கனமாக இழுக்கும். அவசரத்தில் கவனிக்க மாட்டோம். தாமானை விட்டு வெளியே வந்து ஸ்கூடாய் போகும் பெரிய சாலையில், லாரிகளோடு லாரியாக, மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் போகத் தொடங்கியதும் உராயும் இடம் சூடேறிக்கொண்டே போகும்.

முதலில் கருகல் வாடை. பிறகு சக்கரத்திலிருந்து புகை. சூட்டில் லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளலாம். பேரிங்கின் கிரீஸ் உருகலாம், ரப்பர் சீல்கள் கெடலாம், டயர்கூடத் தீப்பிடிக்கலாம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கால் பிரேக்கில் ஓடும் பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கான குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஒட்டிய பிரேக்கின் சூடு அந்த அளவை எட்டினால் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழி அழுத்தத்தைக் கடத்தாது. காலால் மிதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. நகர மாட்டேன் என்று அடம்பிடித்த அதே கார், அரை மணி நேரம் கழித்து நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அதனால் 'டொக்' சத்தம் கேட்டுக் கார் விடுபட்டதும் நேரே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். தாமானுக்குள்ளேயே ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சில தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் அருகில், தொடாமல், உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் சில பிரேக்குகளில் கரகரப்பு கேட்பது சகஜம், துரு தேய்கிறது. ஆனால் சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் 'தட்... தட்...' என்று ஒரே இடத்தில் இடித்தால், லைனிங்கின் ஒரு துண்டு பிய்ந்து டிரம்மில் ஒட்டியிருக்கக்கூடும். டிரம்மைத் திறந்தே பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார்

பெரிய கடல் ஏற்றம் வரும் நாட்களில் பொந்தியான் கடலோரத்தில் தண்ணீர் உள்ளே ஏறுவது புதிதல்ல. ஜொகூர் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பார்த்த வெள்ளமும், 2023 மார்ச்சில் பார்த்த வெள்ளமும் நினைவிருக்கும். தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதிவரை ஏறியிருந்தால் டிரம்முக்குள் போனது வெறும் தண்ணீர் அல்ல. சேறு, மணல், கடல் பக்கம் என்றால் உப்பு. இப்படிப்பட்ட காரை மேலே சொன்னபடி முன்னே பின்னே ஆட்டி விடுவிப்பதோடு நிறுத்தக் கூடாது. டிரம்மைத் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, லைனிங்கைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த ஒரு வாரமும் உப்பு வேலை செய்துகொண்டிருக்கும்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் சாதாரண முழுமைக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேராது. சிறப்பு அபாயங்கள் என்ற கூடுதல் பிரிவைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். சாலை வரியைப் புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டன் ஹேண்ட்பிரேக்குக்கு இது வராதா?

வரும். எக்ஸ்50, எக்ஸ்70 போன்ற கார்களில் லீவருக்குப் பதிலாகப் பட்டன். கேபிளை நம் கை இழுப்பதற்குப் பதில், பின்சக்கரத்தில் ஒரு சிறிய மோட்டார் பேட்களை அழுத்துகிறது. கேபிள் துருப்பிடிக்கும் தொல்லை குறைகிறது. ஆனால் பேட்டும் டிஸ்க்கும் அதே பேட், அதே டிஸ்க்தான். நனைந்து, நாள்கணக்கில் நின்றால் ஒட்டும்.

இவற்றில் பலவும் இன்ஜினை அணைத்தாலோ 'பி' போட்டாலோ தானாகவே பிரேக்கைப் பூட்டிக்கொள்ளும். பூட்டாமல் நிறுத்துவது எப்படி என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும். கார் ஒவ்வொன்றுக்கும் முறை வேறு. இன்னொரு சிக்கல், பேட்டரி இறங்கிவிட்டால் மோட்டார் சுழலாது, பிரேக்கும் விடாது. முதலில் பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் எப்படி நிறுத்துவது?

மழையில் ஓட்டி வந்தாலும் சரி, கார் கழுவிய பிறகும் சரி, பிரேக்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். வீட்டுக்கு வரும் கடைசி சில நூறு மீட்டரில், பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடி கால் பிரேக்கை லேசாகச் சில தடவை அழுத்தினால் போதும். அந்தச் சூட்டில் ஈரம் பெருமளவு போய்விடும். கார் கழுவும் கடையிலிருந்து பத்து அடி நகர்த்தி, சொட்டச் சொட்ட ஹேண்ட்பிரேக் இழுப்பதுதான் நாம் எல்லாரும் செய்யும் தவறு.

அன்றாடம் ஓட்டும் கார் என்றால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், ஹேண்ட்பிரேக்கை வழக்கம்போல இழுங்கள். பல நாள் நிற்கப்போகும் கார், அதுவும் சொந்த வீட்டுச் சமதரையில் என்றால் மட்டும் வேறு வழி: ஆட்டோ கியரில் 'பி', மேனுவல் என்றால் முதல் கியர் அல்லது ரிவர்ஸ், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட்பிரேக் இறக்கிய நிலையில்.

கட்டை வைப்பது ஏதோ நாட்டுப்புற வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். முட்டுக்கட்டை போடுவது என்று தமிழில் பேசுகிறோமே, அது தேரோட்டத்திலிருந்து வந்த சொல். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகித்தான் அதை நிறுத்துவார்கள், திருப்புவார்கள். திருவாரூர் ஆழித் தேருக்கு இன்று ஹைட்ராலிக் பிரேக் உண்டு. ஆனாலும் முட்டுக்கட்டை போடுபவர்களின் வேலை போய்விடவில்லை. உங்கள் போர்ச்சுக்குக் கனமான மரக்கட்டையோ, கடையில் விற்கும் ரப்பர் கட்டையோ போதும். செங்கல் நொறுங்கும், நம்ப வேண்டாம்.

இதை மேட்டிலோ, சாலையோரத்திலோ, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவிலோ செய்யாதீர்கள். அங்கே ஹேண்ட்பிரேக் கட்டாயம். ஆட்டோ கியரின் 'பி' என்பது கியர்பெட்டிக்குள் ஒரு சிறு பல், ஒரு சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து பிடிப்பது. காரின் முழு எடையையும் சரிவில் அதன் மேல் போடக் கூடாது. சரிவில் நிறுத்தும்போது கால் பிரேக்கை அழுத்தியபடியே முதலில் ஹேண்ட்பிரேக், அதன் பிறகு 'பி'. ஒரு காரின் ஹேண்ட்பிரேக் ஒட்டிக்கொண்டால் உங்களுக்கு ஒரு நாள் வேலை கெடும். அது இல்லாமல் ஒரு கார் உருண்டால் யாருடைய பிள்ளை கீழே நிற்கிறது என்று தெரியாது.

மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். கொடுக்கும்போது இதையும் சொல்லிவிடுங்கள்: வாரம் ஒருமுறை, மழை இல்லாத நேரமாகப் பார்த்து, கட்டைகளை எடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் தாமானைச் சுற்றி வர வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டு அண்ணனைக் கேளுங்கள். சுற்றும்போது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை நாலு தடவை இழுத்து இறக்க வேண்டும், கேபிள் இறுகாமல் இருக்க. திரும்பி வந்து நிறுத்தியதும் கட்டையை மறுபடி வைக்க வேண்டும். அடுத்த முறை காரை எடுப்பவர் நீங்களாக இருந்தால், விடியற்காலை நாலரை மணிக்கு அவசரமாகக் கியரைப் போடும் முன், அந்தக் கட்டைகளை எடுக்க மறந்துவிடாதீர்கள்.